காலண்டர் தாளின் பின்பக்கம்

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினான். பரவாயில்லையே என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் கவனித்தேன், விரல் மூன்றாவது வரியில் இருக்கிறது, வாய் ஐந்தாவது வரியில் இருக்கிறது. புத்தகத்தை மூடச் சொன்னேன். மூடிய பிறகும் வாசித்தான். அத்தனையும் மனப்பாடம். அதே பக்கத்தில் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால், முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான். இது 2023 ஜூனில். அங்கிருந்து 2024 ஏப்ரல் வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் என்னென்ன செய்து பார்த்தோம், எது சொதப்பியது, எது ஓடியது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் வாத்தியார் இல்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங், பைண்டிங் வேலை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததில் விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் தன்னார்வலர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கிற அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி 2021 கடைசியில் தொடங்கியபோது, என் மனைவிதான் அதில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். அவளுடைய மையம் 2023 கோடை விடுமுறையோடு நின்றுவிட்டது, ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை, சாயங்காலம் ஆறு மணியானால் பழக்கதோஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பது பேர், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. இதில் நாலாம் வகுப்புக்காரர்கள் நிலைமைதான் மோசம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர்கள் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியது 2020 ஜூன், தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்ததோ 2021 நவம்பர் 1. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக வேண்டிய காலம் முழுக்க வீட்டில், அதுவும் ஒரே போனை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில்.

முதல் மாதம் செய்ததெல்லாம் தப்பு. உற்சாகத்தில் 247 எழுத்துள்ள பெரிய அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். தினமும் குச்சியை வைத்துக்கொண்டு கோரஸாகச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் அதுவும் மனப்பாடமாகிவிட்டது. கெ, கே, கை என்று ராகத்தோடு வரும், தனியாக ஒரு 'கை'யைக் காட்டினால் முழிப்பார்கள். அடுத்து, பழைய பேப்பர் கடையில் சிறுவர் பத்திரிகைகளைக் கட்டி வைத்த பழைய தொகுதி ஒன்று கிடைத்ததே என்று தூக்கிக்கொண்டு வந்தேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது அது. ணை, லை, றா எல்லாம் பழைய வடிவத்தில், யானைக்குத் துதிக்கை போல ஒரு வளைவோடு. எனக்கு அழகாகத் தெரிந்தது. வாசிப்பே தடுமாறும் பிள்ளைக்கு இன்னொரு எழுத்து வடிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும்? ஓடிவிட்டார்கள். தொகுதி இப்போது பரணில் இருக்கிறது.

சரி, மெஷின் நின்றால் மொத்தத்தையும் பிரிக்காமல் எங்கே சிக்குகிறது என்றுதானே முதலில் பார்ப்போம், அப்படிப் பார்ப்போம் என்று ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, அவர்கள் இதற்கு முன் பார்த்திராத ஒரு சின்னப் பத்தியை வாசிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறார்களோ அந்த எழுத்தைக் குறித்தேன். ஒரு வாரத்தில் படம் தெளிவாகிவிட்டது. 247-ம் பிரச்சினை இல்லை. சிக்கல் மூன்று இடத்தில்தான்.

ஒன்று, கொம்பு. கெ, கே, கொ, கோ இதிலெல்லாம் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொடி'யைப் பையன் 'கெ' என்று ஆரம்பித்து, அப்புறம் காலைப் பார்த்துவிட்டு 'ஆ' என்கிறான். நமக்குக் கண் பழகிப்போனதால் இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். இரண்டு, துணைக்காலும் ரகரமும். எழுத்து சின்னதாக அச்சாகும்போது ரகரத்தின் வால் மங்கிவிடும், அப்போது 'கால்' எது 'கரல்' எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மூன்று, உகர வரிசை. கு, சு, டு, து, மு, ரு என்று எல்லாம் ஆளுக்கொரு பக்கம் சுழிக்கும், அதற்கு ஒரே விதி கிடையாது, பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

கொம்புக்கு வேலை செய்தது அட்டைதான். அச்சகத்தில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, அதாவது ஒரு பக்கம் மட்டும் மினுக்கு உள்ள கெட்டி அட்டை, அதன் ஓரத் துண்டுகள் மூட்டை மூட்டையாக விழும். கேட்டு எடுத்து வந்து ஒரே அளவில் வெட்டி, 18 மெய்யெழுத்துகளையும் புள்ளி வைக்காமல் தனித்தனி அட்டையில் எழுதினேன். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், புள்ளி இதெல்லாம் சிவப்பு மையில் வேறு அட்டைகள். ஒரு பிள்ளை 'க' அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டு பேர் கொம்பும் காலுமாக வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பார்கள், நின்று முடிக்கிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று பேரும் சேர்ந்தால்தான் 'கொ'. கொம்பாக நிற்பவன் முந்திக்கொண்டு கத்திவிட்டால் அவுட். பத்து நாளில் ஏழு பேருக்கு அது சரியாகிவிட்டது. ஆர்ட் கார்டில் ஒரு வம்பு உண்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளவென்று மின்னும், கோணலாகப் பார்க்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. பின்பக்கம் திருப்பி, மினுக்கு இல்லாத பக்கத்தில் எழுதிய பிறகுதான் நிம்மதி.

இதெல்லாம் எழுத்தைச் சரிபண்ணியது. வாசிக்கிற பழக்கம் இதனால் வரவில்லை. ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நாலு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இலவசமாக அச்சடித்துக்கொள்ளலாம், அதில் முதல் நிலைக் கதைகள் பத்துப் பன்னிரண்டு எடுத்துப் புத்தகமாகக் கட்டிக் கொடுத்தேன். திண்ணையில் வாசித்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பையிலிருந்து வெளியே வருவதில்லை. வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டி ஒரு முத்திரை வாங்கி வா என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தேன். மறுநாள் எல்லாப் புத்தகத்திலும் முத்திரை. ஒரு அம்மாச்சி எல்லாப் பக்கத்திலும் மொத்தமாகக் குத்திக் கொடுத்துவிட்டது. அதுக்கு என்ன தெரியும், பேரன் கேட்டான், குத்தியது.

திருப்பம் வந்தது காலண்டரால். எங்கள் ஊரில் ஜனவரி தாண்டி விற்காமல் போன தினசரிக் காலண்டர் கட்டுகள் பழைய பேப்பர் விலைக்குப் போகும். பின்பக்கம் எதுவும் அச்சில்லாத கட்டுகளாகப் பார்த்து, எழுதிப் பழகட்டுமே என்று ஒரு டஜன் வாங்கி வைத்திருந்தேன். ஜூலையில் ஒரு நாள் பார்த்தால், நான் முதலில் சொன்னேனே அந்த மனப்பாடப் பையன், தாளின் முன்பக்கத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான். ராசிபலன். பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல். நன்மை, செலவு, பொறுமை, தாமதம், பாராட்டு. "மாமா, எங்க அப்பத்தா துலாம். இன்னைக்குத் தாமதமாம்" என்றான். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லியிருக்கிறான். மறுநாள் அப்பத்தா அவனைப் பிடித்து, "ஏலே, எனக்கு இன்னைக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டிருக்கிறது. அதற்குக் கண்ணில் புரை, படிக்க முடியாது. பக்கத்து வீட்டு அத்தைக்கு ரிஷபம். எதிர்வீட்டு மாமாவுக்கு மகரம். ஒரே வாரத்தில் அவன் தெருவுக்கே பலன் சொல்கிறவன் ஆகிவிட்டான்.

நான் செய்ததெல்லாம், மற்ற எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு காலண்டர் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் நாலு வீடு பிரித்துவிட்டதுதான். ராசிபலன் படிக்கவா பிள்ளைகளைக் கூட்டி வைத்திருக்கிறாய் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். எனக்கு அதில் நம்பிக்கை எல்லாம் கிடையாது, காலண்டர் அச்சடிக்கிற ஊர்க்காரனுக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். ஆனால் தினமும் மாறுகிற பன்னிரண்டு சொல், ஒவ்வொன்றையும் கேட்பதற்கு ஒரு ஆள் காத்திருக்கிறது, தப்பாகப் படித்தால் உடனே தெரிந்துவிடும். 'பொறுமை'யை 'பொறாமை' என்று வாசித்துவிட்டு ஒரு பெண் வாங்கிய திட்டு இருக்கிறதே, அதற்கப்புறம் அவள் காலைக் கவனிக்காமல் விட்டதே இல்லை. நான் சுவரில் ஒட்டிய 247-ல் 'ஷ' கிடையாது. மேஷத்தில் இருக்கிறது, ரிஷபத்தில் இருக்கிறது, அப்படியே அதையும் கற்றுக்கொண்டார்கள். ராகு காலம், எமகண்டம், சூலம் வரைக்கும் போனார்கள். சந்திராஷ்டமம் படித்தவனுக்குத் தனி மரியாதை.

பின்பக்கம் எழுத. ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு விஷயம், அவ்வளவுதான். இரட்டைக் கோடு நோட்டில் ஒரு பக்கம் எழுது என்றால் முகம் தொங்கிப்போகிற பிள்ளை, உள்ளங்கை அளவுத் தாளைப் பார்த்ததும் இவ்வளவுதானா என்றது. அளவு பெரிய காரியம். அந்தத் தாள் மெல்லிசு, பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறும், அதனால் பென்சில், அடியில் ஒரு அட்டை. முதல் வாரம் வந்த தாள்களில் பாதி கிழிந்திருந்தன. எழுதுவது, அழிப்பது, எழுதுவது, அழிப்பது. ஒரு பிள்ளை 'பள்ளி' என்ற சொல்லை ஐந்து முறை அழித்து, தாளில் ஓட்டையே போட்டுவிட்டது. எல்லா ரப்பரையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டேன். தப்பானால் நடுவே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுது, அச்சகத்தில் நாங்களே அப்படித்தான் செய்வோம் என்றேன். முதல் இரண்டு நாள் அழுகை. அப்புறம் எழுத்து இரண்டு மடங்கானது.

இந்த இடத்தில் எனக்கும் மனைவிக்கும் சண்டை. பிள்ளைகள் எழுதியதெல்லாம் பேச்சுத் தமிழ். "எங்க நாய் குட்டி போட்ருச்சு. அஞ்சு. ஒன்னு செத்துருச்சு. அம்மா பாக்க கூடாதுனு சொன்னாங்க நா பாத்தேன்." இது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போய்விடும், இப்போதே திருத்து என்கிறாள் அவள். ஒரு நாள் அவள் பேச்சுக்கு இணங்கி எல்லாத் தாளையும் சிவப்புப் பேனாவில் திருத்திக் கொடுத்தேன். போட்டுவிட்டது, இறந்துவிட்டது, பார்க்கக் கூடாது. மறுநாள் அதே பிள்ளை எழுதியது: "எங்கள் வீட்டில் நாய் உள்ளது. அது நல்ல நாய்." மூன்று நாளும் அதே மாதிரி. நல்ல நாய், நல்ல பசு, நல்ல அம்மா. சிவப்புப் பேனாவை ரப்பர் டப்பாவிலேயே போட்டு மூடினேன். மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, எழுத்துத் தமிழ் அவர்களுக்கு வந்தாக வேண்டும். புத்தகத்தில் 'வந்தது' என்று இருப்பதை அவர்கள் வாழ்க்கையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அது அவர்களுக்குப் பாதி வேற்றுமொழி. இதற்கு வழி புத்தகம் போடும்போதுதான் கிடைத்தது.

எழுதிய தாள்கள் சேர்ந்துகொண்டே போனதால் ஆளுக்கொரு புத்தகம் கட்டலாம் என்று ஆரம்பித்தோம். செய்முறை சுலபம். ஏ4 தாள் இரண்டை எடுத்துப் பாதியாக வெட்டினால் நாலு துண்டு. நாலையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் பதினாறு பக்கம். கடையில் கிடைக்கிற ஏ4-ல் பெரும்பாலும் காகிதத்தின் நார் நீளவாக்கில் ஓடும், இப்படி வெட்டி மடித்தால் மடிப்பு நாரோடு போகும், புத்தகம் வாயைப் பிளக்காமல் படிந்து உட்காரும். ஸ்டேப்ளர் வேண்டாம், பின் முனை விரலில் குத்தும், எங்கள் வீட்டு ஸ்டேப்ளருக்கு நடு மடிப்பு எட்டவும் எட்டாது. மடிப்பில் மூன்று ஓட்டை, நடுவில் ஒன்று, மேலே கீழே ஒவ்வொன்று. நூலை உள்ளேயிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே விட்டு, மேல் ஓட்டையில் உள்ளே எடுத்து, உள்பக்கமாகவே கீழ் ஓட்டைக்கு இறக்கி வெளியே விட்டு, திரும்ப நடு ஓட்டையில் உள்ளே கொண்டுவந்து இரண்டு முனையையும் முடிச்சுப் போட வேண்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை இருந்தால் முடிச்சு நகராது.

எழுதுவதற்கு முன்னால் ஒரு டம்மி, அதாவது வெற்று மாதிரிப் புத்தகம், கட்டச் சொன்னேன். வெற்றுத் தாளை மடித்துப் பக்க எண் மட்டும் போட்டு, பிறகு பிரித்துப் பார்த்தால் ஒன்றாம் பக்கமும் பதினாறாம் பக்கமும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் பதினைந்தும். மூன்றும் பதினான்கும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சட்டென்று, "எதக் கூட்டினாலும் 17 வருது மாமா" என்றாள். இருபது வருஷம் ஃபார்ம், அதாவது பல பக்கம் சேர்த்து அச்சான பெரிய தாள், மடித்திருக்கிறேன், எங்கள் பைண்டிங்கில் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான், ஆனால் பத்து வயசுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, நான் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் அச்சு, பிள்ளை எழுதியது எழுதியபடி. பேச்சுத் தமிழோ எழுத்துத் தமிழோ கை வைப்பதில்லை. மனைவி போனில் தட்டச்சு செய்வாள், பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி. அதைத்தான் வாசிக்கக் கொடுத்தோம். தன் வாயில் வந்தது அச்சில் இருப்பதால் ஒரு சொல்லில் சிக்கினாலும் அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரிகிறது, சிக்கிய இடத்தை அவர்களே அவிழ்க்கிறார்கள். இரண்டாம் அச்சுக்கு முன்னால் புரூஃப், அதாவது பிழை பார்த்துத் திருத்துவது. இங்கேதான் எழுத்துத் தமிழ் உள்ளே வந்தது. "இப்ப இது புஸ்தகத்துக்குப் போகுது, புஸ்தகத்துல 'செத்துருச்சு'க்கு என்ன போடுவாங்க?" என்று கேட்டால் அவர்களே 'செத்துவிட்டது' என்று ஓரத்தில் குறிக்கிறார்கள். இரண்டு அச்சையும் அடுத்தடுத்து வாசிப்பார்கள். நாய்க்குட்டிப் பிள்ளை மட்டும் அந்தப் பக்கத்தை மாற்ற மாட்டேன் என்றது. சரி, உன் புத்தகம், உன் இஷ்டம்.

புரூஃப் பிடித்துப்போனது என்று தெரிந்ததும் நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன், வேண்டுமென்றே பிழை வைத்த பத்திகளைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் பிடித்தார்கள். தடுமாறுகிறவர்கள் நான் வைத்த பிழையை அப்படியே கற்றுக்கொண்டார்கள். 'பறவை'யை 'பரவை' என்று எழுத ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்த பெருமை என்னைச் சேரும். அத்தோடு அதை நிறுத்தினேன். தட்டச்சில் தானாக வருகிற பிழையே போதும். அதற்குப் பதில் என் கதையைச் சொன்னேன்: ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'அழைப்பிதழ்' என்பது 'அழைப்பிதல்' என்று போய், 500 பத்திரிகை கட்டிங் முடிந்து பெட்டியில் அடுக்கிய பிறகு பெண்ணின் தாத்தா கண்டுபிடித்தார். அத்தனையும் மறுபடி அடித்தோம், அந்த வாரக் கூலியில் பிடித்தம். ழகரம் எங்கே வரும் என்பதை நான் விளக்கியதைவிட இந்தக் கதை நன்றாக உட்கார்ந்தது, இன்றைக்கும் யாராவது ழ-வை ல என்று எழுதினால் பக்கத்தில் இருப்பவன் "ஐந்நூறு!" என்று கத்துகிறான்.

ஆகஸ்ட் 3, ஆடி 18. எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள், அதாவது மாதிரித் தொகுதிகள், வெளியாகும், அதிலிருந்து டிசம்பர் வரை எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. பட்டாசு வேலைக்குப் போகிற வீடுகளிலும் தீபாவளி வரை அதே கதிதான். நான் திண்ணையில் உட்கார்வது வாரம் ஒரு நாள் ஆனது. எழுத்துத் தாள்கள் குறைந்தன, அக்டோபரில் மூன்று பேர்தான் ஒழுங்காக எழுதினார்கள். நிற்காமல் ஓடியது ராசிபலன் மட்டும், ஏனென்றால் அதற்கு நான் தேவையில்லை. தீபாவளிக்குப் பிறகு அந்த 17 கண்டுபிடித்த பெண்ணிடமே கூட்டத்தை ஒப்படைத்தோம். அவள் கொண்டுவந்த சட்டம் எனக்குத் தோன்றியதே இல்லை: ஒருவர் எழுதிய தாளை அவர் வாசிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் வாசிக்க வேண்டும். புரியாத கையெழுத்துக்குத் திட்டு நேரடியாக எழுதியவருக்கே போகும். நான் இரண்டு மாதம் "உருட்டி எழுது" என்று கத்தியது இரண்டு வாரத்தில் நடந்தது.

அளந்தும் பார்த்தேன். பார்த்திராத பத்தி, ஒரு நிமிஷம், போனில் மணி வைத்து, சரியாக வாசித்த சொற்கள் எத்தனை என்று. மனப்பாடப் பையன் ஜூனில் 11, டிசம்பரில் 26, ஏப்ரலில் 43. தமிழ்ச் சொல் நீளம், 'போய்க்கொண்டிருந்தார்கள்' ஒரே சொல்தான், அதனால் எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். ஒன்பதில் இரண்டு பேர் பெரிதாக நகரவில்லை. ஒருவனுக்குப் பலகையே சரியாகத் தெரியவில்லை என்பது பிப்ரவரியில்தான் புரிந்தது, கண்ணாடி போட்ட பிறகு ஓடுகிறான். எட்டு மாதம் நான் அதைக் கவனிக்கவில்லை, எல்லாருக்கும் முதல் வாரமே பார்த்திருக்க வேண்டிய விஷயம். இன்னொரு பிள்ளை எழுத்தையெல்லாம் தனித்தனியாகச் சொல்லும், சேர்த்துச் சொல்லாகச் சொல்ல வராது. மூன்று மாதம் போராடிவிட்டு, இது என் அட்டையிலும் நூலிலும் தீராது என்று தெரிந்து, அவள் அம்மாவிடம் பள்ளியில் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொன்னேன்.

இப்போது பள்ளிக்கு அரசின் வாசிப்பு இயக்கத்துப் புத்தகங்கள் வருகின்றன, நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக, மெல்லிசாக, எங்கள் புத்தகங்கள் மாதிரியே. மூன்றாம் வகுப்பில் புதிதாக வந்த ஒருத்தி அதில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின் அடிச்சிருக்காங்க மாமா, குத்தும்" என்று திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு முதல் டம்மி நாளைக்குக் கட்ட வேண்டும். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது, சிவப்புதான் இருக்கிறது. அவளுக்கு அதுதான் வேண்டுமாம்.